சண்டையில்லாத ராஜினாமா

நான் இந்த லாரி வேலையை விடுவது முதல் தடவை அல்ல. ஏழெட்டுத் தடவை விட்டிருக்கிறேன். அத்தனை தடவையும் நாலு பேர் வேடிக்கை பார்க்கத்தான் விட்டேன். முதலாளியின் அறைக்குள் விறுவிறுவென்று போவேன். சாவிக்கொத்தை மேசைமேல் விட்டெறிவேன். இனிமேல் இந்த வாசலை மிதித்தால் என்னை ஏன் என்று கேளுங்கள் என்பேன். கதவை அறைந்து சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். எங்கள் ஷெட்டில் எனக்குப் பட்டாசு என்று பெயர். வைத்தவன் மெக்கானிக். ஒரே சத்தம், அதோடு சரி, அப்புறம் வெறும் காகிதம் என்பது அவனுடைய விளக்கம். பதிலுக்கு நான் அவனுக்கு கிரீஸ் என்று பெயர் வைத்தேன். இரண்டும் ஒட்டிக்கொண்டன.

வேலையை விட்ட மறுநாள் என்ன நடக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலாளி வீடு தேடி வருவார். செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விடுவார். நாற்காலியின் நுனியில் உட்காருவார். என் பக்கம் திரும்பவே மாட்டார். முட்டிவலி எப்படி இருக்கிறது, மகள் ஊரிலிருந்து போன் பண்ணினாளா என்று என் மனைவியிடம் விசாரிப்பார். அவள் டீ போட்டுத் தருவாள். டீ பிரமாதம் என்பார். அவர் எழுந்து போன பிறகு பார்த்தால் காலி டம்ளருக்குப் பக்கத்தில் சாவிக்கொத்து இருக்கும். வீடு தேடி வந்து டீ குடித்துவிட்டுப் போன மனுஷனிடம் அதற்கு மேல் எப்படி முறுக்கிக்கொண்டு இருப்பது? மறுநாள் காலையில் வண்டியில் ஏறிவிடுவேன். மன்னிப்பு என்ற பேச்சை அவரும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை.

நான் மட்டும் என்று இல்லை. எங்கள் ஷெட்டில் எல்லா டிரைவர்களும் அப்படித்தான். கோபித்துக்கொண்டு போவதுதான் எங்களுக்கு லீவு. வேறு மாதிரி கேட்டால் முதலாளி லீவு தரமாட்டார். ஆனால் ஒன்று, சிரித்துப் பேசி, சொல்லிக்கொண்டு, நல்லபடியாக வேலையை விட்டுப் போனவன் என்று அந்த ஷெட்டில் ஒருவனும் கிடையாது. எப்படிப் போவது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அப்படித்தான் போயாக வேண்டும் என்ற நிலைமை வந்தபோது நான் முழித்த முழி இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் ஏற்றிப் போவது கண்ணாடி. கடைகளுக்கும் கட்டடங்களுக்கும் போகிற பெரிய பெரிய தகடுகள். படுக்கப் போட்டால் தன் கனத்திலேயே உடைந்துவிடும், ஆகையால் இரும்புச் சட்டத்தில் சாய்த்து நிறுத்தி, நடுவில் ரப்பர் கொடுத்து, பட்டை போட்டுக் கட்டுவோம். பிரேக்கை ஒரு தடவை ஓங்கி மிதித்தால் போச்சு. என் வண்டியில் கண்ணாடி உடைந்ததில்லை. வாயைத் திறந்தால் வெடிக்கிறவனுக்குக் காலில் மட்டும் எங்கிருந்து இவ்வளவு பொறுமை என்று முதலாளியே கேட்டிருக்கிறார். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் அந்த நாற்காலி நுனியில் வந்து உட்கார்ந்தார்.

இந்தத் தடவை எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. பயம் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அன்றைக்கு லோடை இறக்கிவிட்டு வெறும் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். பட்டப்பகல். நல்ல வெயில். அது நீட்டி நிமிர்ந்த ரோடு, கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று நான் பீற்றிக்கொள்கிற ரோடு. முதலில் ஒரு சிமெண்ட் ஆலை வரும், அப்புறம் ஒரு பள்ளிக்கூடம், அப்புறம் ரயில்வே கேட், அதைத் தாண்டி வெகுதூரம் போனால் ஒரு பெட்ரோல் பங்க். ஆலையைப் பார்த்தேன், புகை வந்துகொண்டிருந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்து நான் பார்த்தது பெட்ரோல் பங்க்.

நடுவில் பள்ளிக்கூடம் இருந்திருக்க வேண்டும். கேட் இருந்திருக்க வேண்டும். நான் தூங்கவில்லை. தூங்கியிருந்தால் வண்டி பள்ளத்தில் கிடந்திருக்கும். கண் திறந்துதான் இருந்தது, கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது, வண்டி தன் பாட்டுக்கு வந்திருக்கிறது. நான் மட்டும் அதில் இல்லை. கேட் திறந்திருந்ததா, மூடியிருந்ததைத் திறந்தார்களா, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் குறுக்கே வந்தார்களா, ஒன்றும் தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டினேன். இறங்கினேன். முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். பம்பரைப் பார்த்தேன். ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ள தைரியம் வரவில்லை. ஒன்றும் இல்லை, வழக்கமான பூச்சிகள்தான் ஒட்டியிருந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறவள் அவள். மிஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், பம்பரைப் பார்த்தேன் என்று சொன்ன இடத்தில் நிறுத்தினாள். மறுநாள் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஏதேதோ சோதித்தார். இத்தனை வருஷம் கண்ட நேரத்தில் தூங்கி, கண்ட நேரத்தில் விழித்து, உடம்பு தன் கணக்கை மறந்துவிட்டது என்றார். ஓய்வு கொடுத்தால் சரியாகும், ஆனால் ரோட்டை விட்டுவிடுங்கள், நீளமான ரோட்டை இன்றைக்கே விட்டுவிடுங்கள் என்றார். வேறு வேலைக்கும் வழி இருந்தது. என் மச்சினன் வேலை பார்க்கிற டைல்ஸ் கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அப்புறம் என்ன, முதலாளியிடம் சொல்ல வேண்டியதுதானே பாக்கி.

"வேலையை விட்டுடுங்க. ஆனா சண்டை போடாம விடுங்க" என்றாள் மனைவி.

என்னமோ நான் சண்டை போடுவதற்கே பிறந்தவன் மாதிரி பேசுகிறாயே என்று எகிறினேன்.

"சண்டை போட்டுட்டு வந்தா அவர் மறுநாள் வந்து நிப்பாரு. நீங்க சாவியை எடுத்துக்குவீங்க. நான் டீ போடலைன்னாலும் எடுத்துக்குவீங்க. கோவம் ஆறினதும் உங்களுக்குப் போறதுக்குக் காரணம் இருக்காது. எனக்குப் பயமா இருக்குங்க. இந்தத் தடவை நிஜமா வந்துடுங்க."

அவள் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. கோபக்காரனைக் கட்டிக்கொண்டு குப்பை கொட்டியவள், எதற்கும் அசைய மாட்டாள். சரி என்றேன். ஒரு சொல் கூட உரக்கப் பேசாமல் வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முதலாளியின் அறைக்குள் அன்றைக்கு மெதுவாகப் போனதிலேயே அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கதவைத் தட்டினேன் வேறு. தலையை நிமிர்த்தி, யார் செத்தது என்கிற மாதிரிப் பார்த்தார். போகிற விஷயத்தை மட்டும் சொன்னேன். வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் முதலாளி, நீங்கள் பார்த்து அனுப்பி வையுங்கள் என்றேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். டயர் விஷயமா, போன மாதம் உன்னை மழையில் நிறுத்தி வைத்ததா, ஹாரன் ஏதாவது பேசினானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஹாரன் என்பது எங்கள் இன்னொரு டிரைவர், எறும்பு குறுக்கே போனாலும் ஹாரன் அடிப்பான். இல்லை முதலாளி, போதும் என்று தோன்றுகிறது என்றேன். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ரோட்டில் நினைவு தப்புகிறது என்று ஒரு டிரைவர் தன் முதலாளியிடம் எப்படிச் சொல்வான்? அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கடைசியில், வேறு ஆள் பார்க்க ஒரு வாரம் கொடு, அதுவரை ஊருக்குள் இருக்கிற சின்ன லோடு மட்டும் எடு என்றார். நின்று நின்று போகிற வேலை, பக்கத்துப் பக்கத்துத் தெரு. ஒத்துக்கொண்டேன். இவ்வளவு சுலபமாகப் போய்விடும் என்று நான் நினைக்கவே இல்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் மார் தட்டினேன். அவள் நம்பவில்லை. வாரம் முடியட்டும் என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் என் வண்டி இல்லை. ஹாரனிடம் கொடுத்திருந்தார். எனக்குக் கொடுத்தது ஷெட்டின் கடைசியில் கிடந்த பழைய வண்டி. கதவை மூடினால் கண்ணாடி இறங்கும், கண்ணாடியை ஏற்றினால் கதவு திறக்கும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். அதற்கு அடுத்த நாள் எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஆள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பாடம் நடத்தினார். எனக்கு! அந்த மனுஷனுடைய சொந்தக் காரை ரிவர்ஸ் எடுத்துக் கொடுக்கிறவனே நான்தான். நல்லது முதலாளி, இனிமேல் அப்படியே செய்கிறேன் என்றேன். ஷெட்டே திரும்பிப் பார்த்தது. ஒருத்தன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டான்.

இப்படியே வளர்ந்தது. வண்டியைக் கழுவச் சொன்னார், கழுவினேன். கழுவியது சரியில்லை என்றார், மறுபடி கழுவினேன். வீட்டுக்குப் போய்த் தலையணையைக் குத்தினேன். பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலிக்க ஆரம்பித்துவிட்டது. இருபது வருஷம் பழகியவர், நல்லபடியாகப் போகிறேன் என்கிறவனை இப்படிப் போட்டு வறுத்தெடுக்கிறாரே, இந்த மனுஷனுக்கு என்னதான் கேடு என்று கிரீஸிடம் புலம்பினேன். அவன் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. கால்தான் பதில் சொன்னது.

"நீ லூசா மாப்ளே? அவர் உன்னைத் திட்டல. சண்டைக்குக் கூப்பிடுறாரு. நீ கோவிச்சுக்கிட்டுப் போனாத்தானே அவர் வந்து கூட்டிட்டு வர முடியும்? சிரிச்சுக்கிட்டே போறவனை எப்படித் திரும்பக் கூப்பிடுறதுன்னு அவருக்குத் தெரியாது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அட, ஆமாம். மனுஷன் வாரம் முழுக்க எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார், நான்தான் அந்தப் பக்கம் போகாமல் இருக்கிறேன். கோபம் பாதி குறைந்துவிட்டது. ஆனால் பயம் கூடிவிட்டது. ஏனென்றால் என்னை எனக்குத் தெரியும். என்னைக் கோபப்படுத்த எந்த இடத்தில் தொட வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். இன்னும் அந்த இடத்தை அவர் தொடவில்லை.

கடைசி நாள். காலையிலேயே ஷெட் வாசலில், ஹாரனிடம் கொடுத்திருந்த என் வண்டி லோடோடு நின்றது. பெரிய தகடுகள், சட்டம் நிறைய. முதலாளி கூப்பிடுகிறார் என்றார்கள். போனேன். இரண்டு மூன்று டிரைவர்கள் சும்மா நிற்கிற மாதிரி வாசலில் நின்றார்கள். கிரீஸும் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றுகொண்டான். சாவிக்கொத்தை என் கையில் திணித்து, இன்றைக்கு இந்த லோடை எடுத்துக்கொண்டு போ என்றார் முதலாளி. எங்கே என்று கேட்டேன். சொன்னார். அதே ரோடு. சிமெண்ட் ஆலை, பள்ளிக்கூடம், ரயில்வே கேட்.

ஊருக்குள் மட்டும்தான் என்று பேசிக்கொண்டோமே என்று தணிந்த குரலில் கேட்டேன். பேசினோம், இப்போது மாற்றிவிட்டேன் என்றார். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். முடியாது, நீதான் போக வேண்டும் என்றார். முடியாது முதலாளி என்றேன் நானும். அப்போது தொட்டார் அந்த இடத்தை.

"இத்தனை வருஷம் இந்த ஷெட்டுல உப்புப் போட்டுத்தானே தின்ன? கடைசியா ஒரு லோடு எடுத்துட்டுப் போக வலிக்குதா? நன்றின்னு ஒண்ணு உனக்கு இருக்குன்னு நெனச்சேன்."

எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது. என்னை எது வேண்டுமானாலும் சொல்லலாம், முரடன், வாய்க்கொழுப்பு, பட்டாசு, எல்லாம் உண்மைதான். நன்றி கெட்டவன் என்று மட்டும் சொல்லக் கூடாது. காய்ச்சலோடு அவருக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன். மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவருக்காக லோடு எடுத்துப் போயிருக்கிறேன். கை தானாக உயர்ந்தது. சாவிக்கொத்து உள்ளங்கையில் இறுகியது. உன் வண்டியும் ஆச்சு, நீயும் ஆச்சு என்கிற வசனம் தொண்டையில் தயாராக நின்றது. விட்டெறிய வேண்டியதுதான் பாக்கி.

எங்கே எறிவது என்று மேசையைப் பார்த்தேன். மேசை காலியாக இருந்தது.

அந்த மேசை காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. மூக்குக்கண்ணாடி, போன், டம்ளர், மாத்திரை டப்பா, பில் செருகுகிற கம்பி என்று கை வைக்க இடம் இருக்காது. போன தடவை நான் எறிந்ததில் அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்தது, அதற்கு முந்தின தடவை டம்ளர். இன்றைக்கு எல்லாவற்றையும் எடுத்துப் பின்னால் ஜன்னல் திட்டில் அடுக்கி வைத்திருந்தார். நடு மேசையைத் துடைத்தே வைத்திருந்தார். சாவி வந்து விழுவதற்கு இடம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டவர் முகமே இல்லை அது. எறிடா, எறிந்துவிட்டுப் போடா, நாளைக்கு நான் வருகிறேன் என்று கெஞ்சுகிற முகம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். முதலாளி பதறிப்போய் என்னடா சிரிப்பு என்றார். மூக்குக்கண்ணாடியைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டீர்கள் போலிருக்கிறதே என்றேன். திருடன் மாதிரி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். துடைக்கத்தான் எடுத்து வைத்தேன் என்றார். மாத்திரை டப்பாவையுமா என்றேன். வாசலில் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். முதலாளிக்கும் உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை.

சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனிடமா ஒரு வாரமாக மறைத்தோம் என்று இருந்தது. வாசலில் நின்றவர்களைப் போகச் சொன்னேன். கதவைச் சாத்தினேன், சத்தமில்லாமல். சாவியை எறியவில்லை, அவர் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தேன். பிறகு அந்த ரோட்டில் நடந்ததைச் சொன்னேன்.

"நான் தூங்கல முதலாளி. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. ஆனா கேட்டைத் தாண்டினது எனக்குத் தெரியல. பள்ளிக்கூடத்தைத் தாண்டினதும் தெரியல. இறங்கி பம்பர்ல ரத்தம் இருக்கான்னு பார்த்தேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று மட்டும் கேட்டார். ஆகவில்லை என்றேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவ்வளவுதான், திடீரென்று எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. இந்த ஒரு வாரமாக அவர் காட்டிய கோபமெல்லாம் நாடகம் என்பது இந்தக் கோபத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"அறிவு கெட்டவனே, இதை மொத நாளே சொன்னா என்ன? ஊருக்குள்ளன்னா மட்டும் மனுஷங்க நடக்கலியா? உனக்கு ஏதாவது ஆயிருந்தா உன் பொண்டாட்டி முகத்துல நான் எப்படிடா முழிப்பேன்? இப்ப, இந்த நிமிஷம், நான் உன்னை அந்த ரோட்டுக்கே..."

தண்ணீர் எடுக்கப் போனார், நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் திட்டினார். மடையா என்றார், பாவி என்றார், இருபது வருஷம் பழகி என்ன பிரயோஜனம் என்றார். எதற்கும் நான் பதில் பேசவில்லை. ஒரு வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேனே, அந்த மாதிரி இல்லை. பேச வேண்டும் என்றே தோன்றவில்லை. ஒவ்வொரு திட்டுக்கும் எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிக்கொண்டே போனது. அப்பாடா என்று இருந்தது. முதலாளி ஓய்ந்து, சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உனக்குப் பதில் எவனை நம்பி நான் கண்ணாடி ஏற்றுவேன் என்றார். ஹாரனை நம்புங்கள் என்றேன். அவன் அடிக்கிற ஹாரனிலேயே கண்ணாடி உடைந்துவிடுமே என்றார். இந்தத் தடவை இரண்டு பேரும் சிரித்தோம்.

லோடை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஹாரனைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியைச் சுற்றிக் காட்டினேன். ஒரு பட்டை தளர்ந்திருந்தது, அதை அவனையே இறுக்கச் சொன்னேன். பிரேக்கை மிதிப்பதைப் பற்றி நினைக்காதே, எங்கே நிற்கப்போகிறாய் என்பதை முன்னாலேயே நினை, கால் தானாக மெதுவாக வரும் என்றேன். கேட்டுக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது, அங்கே நடந்து போகிற வேகத்தில் போ என்றேன். வேறு நாளாக இருந்தால் அவன் எனக்குத் தெரியாதா என்று சிலிர்த்துக்கொள்வான். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வண்டி வாசலைத் தாண்டியபோது ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. தெரு முனை வரை பார்த்துக்கொண்டிருந்தேன். போகட்டும், நல்லபடியாகப் போகட்டும் என்றுதான் இருந்தது. நான் அதில் இல்லையே என்று ஒரு துளி ஏக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

என் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனேன். முதலாளி அதன் சாவியையும் பிடுங்கிக்கொண்டார். இது ரெண்டு சக்கரம்தானே முதலாளி, வீடு பக்கம்தானே என்று கெஞ்சினேன். பேசாமல் பஸ்ஸில் போ, வண்டியை சாயங்காலம் கிரீஸ் கொண்டுவந்து விடுவான் என்றார். என்னோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தே வந்தார். ஷெட்டுக்கு வெளியே இரண்டு பேரும் சேர்ந்து நடந்ததே இல்லை. வெயில் ஜாஸ்தி என்றார், ஆமாம் என்றேன். பஸ் தூரத்தில் வருவது தெரிந்தபோதுதான் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"நாளைக்கு உன் வீட்டுக்கு வரலாமா? கூப்பிட இல்ல. சும்மா."

"வாங்க முதலாளி. சும்மா வந்து உட்காருங்க. நாற்காலியில நல்லா சாஞ்சு உட்காருங்க."

அவர் தலையை ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, உன் வீட்டு டீ வாயில் வைக்க விளங்காது, இத்தனை வருஷமும் காரியத்துக்காகத்தான் பிரமாதம் என்று சொன்னேன், நாளைக்கு எனக்கு வெறும் தண்ணீர் போதும், உன் வீட்டுக்காரியிடம் சொல்லிவிடாதே என்றார். நான் பஸ்ஸில் ஏறிய பிறகும் அது நகரும் வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பஸ்ஸில் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. முதல் இரண்டு சிக்னலிலும் என் கால் தரையில் பிரேக்கைத் தேடி மிதித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, தன் காலைத் தள்ளி வைத்துக்கொண்டார். டிரைவரைப் பார்த்தேன். சின்ன வயசுக்காரர், முதுகை நேராக வைத்து ஓட்டினார், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தார். நல்ல கால். ரோட்டைப் பார்க்க வேண்டிய வேலை அவருடையது, என்னுடையது இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண்டக்டர். கடைசி ஸ்டாப் வந்துவிட்டது, இறங்குங்கள் என்றார். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. என் தெரு எப்போதோ போயிருக்கிறது. எந்தக் கடை வந்தது, எந்தப் பாலம் வந்தது, ஒன்றுமே தெரியாது. சட்டையில் எச்சில் வடிந்திருந்தது. அப்படி ஒரு தூக்கம் தூங்கி எனக்கு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"எங்க இருக்கீங்க?" என்றாள் மனைவி. "கெளம்பி இவ்வளவு நேரமாச்சாமே. முதலாளி போன் பண்ணினாரு."

"தூங்கிட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் நின்றது. நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. பஸ்ஸில்தான், பஸ்ஸில்தான், வேறொருத்தர் ஓட்டினார், நான் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு தூங்கினேன், கடைசி ஸ்டாப்பில் எழுப்பினார்கள் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சண்டை போட்டீங்களா?"

"இல்ல. அவர்தான் திட்டினாரு. நான் ஒரு வார்த்தை பேசல."

"நல்லாத் தூங்கினீங்களா?"

"ரொம்ப நல்லாத் தூங்கினேன்."

"அப்ப திரும்பி வர்றப்பவும் தூங்குங்க" என்றாள். "நான் ஸ்டாப்புல வந்து நிக்கிறேன், எழுப்பி இறக்கிக்கிறேன்."

எங்கள் தெரு ஸ்டாப்பின் பெயரைச் சொல்லி ஒரு டிக்கெட் கேட்டேன். அங்கே எழுப்ப ஆள் நிற்கிறது என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, அதே ஜன்னலோரம் போய் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.